மலையில எடுத்த படத்த குரூப்ல போட்டா ஒருத்தர் "வேற லெவல்"ங்கிறார், இன்னொருத்தர் "டெலிட் பண்ணிடு"ங்கிறார், என்ன பண்றது? புதுசா படம் எடுக்க வர்றவங்களுக்கு

முதல்ல ரெண்டு படத்தப் பத்தி சொல்லிடுறேன், அப்பதான் எதுக்கு இத எழுதுறேன்னு புரியும்.

ரெண்டுமே ஒரே மாசத்துல எடுத்தது. ஒண்ணு குன்னூர் மலைப்பாதையில வண்டிய ஓரங்கட்டிட்டு, மலை ரயிலோட நீராவி எஞ்சின் பின்னாடி இருந்து பெட்டிய தள்ளிக்கிட்டு வளைவுல ஏறுறத ஃபோன்லயே எடுத்தது, மொத்தம் அஞ்சு நிமிஷ வேலை. இன்னொண்ணு கோத்தகிரி லாங்வுட் சோலையில, கருப்பும் ஆரஞ்சுமா இருக்குமே அந்த குட்டி ஈப்பிடிப்பான், மேற்குத் தொடர்ச்சி மலையில உசரமான இடத்துல மட்டும் இருக்கிற பறவை, எப்பவும் தரையோட ஒட்டின புதருக்குள்ளயே சுத்தும், வெளிச்சம் சுத்தமா இருக்காது, அதுக்காக மூணு ஞாயித்துக்கிழமை விடியக்காலை எந்திரிச்சுப் போய் குளிர்ல அசையாம உக்காந்து ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற அளவ, 6400 வெச்சு எடுத்தேன், அவ்வளவு ஏத்தினா படத்துல புள்ளிப்புள்ளியா நாய்ஸ் வரும். ரயில் படத்துக்கு லைக் 700 தாண்டுச்சு. பறவைக்கு 9. கமென்ட் ஒண்ணே ஒண்ணு, "இருட்டா இருக்கே ப்ரோ".

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்ல, எங்க ஊர்ல நல்லா கண்ணு இருக்கிற ரெண்டு பசங்க இதே மாதிரி ஒரு வாரத்துல கேமராவ அலமாரில வெச்சுப் பூட்டிட்டாங்க. அது எனக்கு ரொம்ப வலிச்சது, அதனாலதான் இத்தன வருஷத்துல நான் கத்துக்கிட்டத வரிசையா எழுதுறேன். லைக்கு எவ்வளவு வருதுங்கிறதும் படம் எப்படி இருக்குங்கிறதும் வேற வேற கணக்கு. ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதாதீங்க, அவ்வளவுதான், மத்ததெல்லாம் அத எப்படி செய்யிறதுங்கிறது மட்டும்தான்.

போடுறதுக்கு முன்னாடி

எடுத்த அன்னைக்கே போடாதீங்க. ரெண்டு நாள் கிடக்கட்டும். எடுத்த அன்னைக்கு அந்தக் குளிர், அந்த ஏத்தம், கைல இருந்த டீ எல்லாம் சேந்து படம் அழகா தெரியும், பாக்கிறவங்களுக்கு அதெல்லாம் கிடையாது, அவங்களுக்கு படம் மட்டும்தான். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துட்டு ஒரு சின்ன நோட்டுல ரெண்டே வரி எழுதுங்க: இதுல நான் எத காட்ட நெனச்சேன், எனக்கே எது உறுத்துது. இத எழுதி வெச்சாதான் பின்னாடி வர்ற பேச்ச எதோட வெச்சுப் பாக்கிறதுன்னு தெரியும், இல்லன்னா வர்றவங்க போறவங்க சொல்றதெல்லாம் சரின்னு தோணும்.

அப்புறம் சைஸ். இத யாரும் சொல்லித் தர மாட்டாங்க ஆனா "ஷார்ப்பா இல்ல"ன்னு வர்ற பாதி கமென்டுக்கு காரணம் இதுதான். வாட்ஸ்அப்ல சாதாரணமா படமா அனுப்பினா அது நசுக்கித்தான் அனுப்பும், இலையோட நரம்பு, பறவையோட இறகு எல்லாம் கரைஞ்சு போயிடும், ஒருத்தர் கிட்ட உண்மையிலேயே கருத்து கேக்கணும்னா டாக்குமென்டா அனுப்புங்க. இன்ஸ்டாவுக்கு அகலம் 1080 பிக்சல் வெச்சு நீங்களே சின்னதாக்கி போடுங்க. கம்ப்யூட்டர்ல எடிட் பண்றவங்க எஸ்ஆர்ஜிபியில (ஃபோனும் நெட்டும் சாதாரணமா எடுத்துக்கிற கலர் முறை) எக்ஸ்போர்ட் பண்றீங்களான்னு பாத்துக்கோங்க, அடோபி ஆர்ஜிபிங்கிற இன்னொரு கலர் முறையில போட்டா சில ஃபோன்ல தேயிலைத் தோட்டத்துப் பச்சை எல்லாம் வாடிப்போன கீரை மாதிரி தெரியும், பாக்கிறவங்க உங்களத்தான் குறை சொல்லுவாங்க.

எந்தப் படத்த எங்க போடுறது

என் பறவை படத்துல நடந்த தப்பு இதுதான். ஊட்டி சுத்திப் பாக்க வர்றவங்க இருக்கிற குரூப்ல கொண்டு போய் போட்டேன். அங்க இருக்கிறவங்களுக்கு அடுத்த லீவுக்கு எங்க போலாம்ங்கிறதுதான் கேள்வி, அவங்களுக்கு ரயில் பிடிக்கும், பைக்காரா பிடிக்கும், தொட்டபெட்டா மேல இருந்து மேகம் பிடிக்கும், இருட்டுப் புதருக்குள்ள கட்டைவிரல் அளவு பறவை எதுக்கு? அது அவங்க தப்பு இல்ல. அதே படத்த ஒரு மாசம் கழிச்சு பறவை பாக்கிறவங்க இருக்கிற ஒரு சின்ன குரூப்ல போட்டேன், 40 பேர் கூட இல்லாத குரூப், லைக் அங்கயும் பெருசா இல்ல, ஆனா ஒரு அக்கா "ஆண் பறவை, கண்ணுல வெளிச்சப் புள்ளி விழுந்திருக்கு, இந்த இருட்டுல இது பெரிய விஷயம், நாய்ஸ பத்தி கவலைப்படாதீங்க, ஷட்டர் இன்னும் கொஞ்சம் வேகமா வெச்சிருந்தா வால் ஆடியிருக்காது"ன்னு எழுதினாங்க. நான் அந்த வால கவனிக்கவே இல்ல. 700 லைக் ஒண்ணும் சொல்லித் தரல, இந்த ஒரு கமென்ட் சொல்லித் தந்துச்சு.

அதனால குடும்ப குரூப்ல போட்டா பாசம் வரும், பாசத்த வாங்கிக்கோங்க, கருத்தா எடுத்துக்காதீங்க. சுற்றுலா குரூப்ல இடத்துக்குத்தான் லைக், படத்துக்கு இல்ல. படக்காரங்க குரூப்ல டெக்னிக்க பேசுவாங்க, சில சமயம் டெக்னிக்க மட்டுமே பேசுவாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, அத யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. படத்துல இருக்கிறவங்க. ஒரு தடவ கேத்தி பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து பறிக்கிற அம்மா ஒருத்தர கையில கொழுந்த ஏந்தி சிரிக்கச் சொல்லி எடுத்தேன், ஊர்ல இருக்கிற எல்லாரும் சூப்பர்னாங்க. அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புல, லைன் வீட்ல இருக்கிற பொண்ணு ஒண்ணு மட்டும், "அண்ணா கொழுந்த யாரும் அப்படி ஏந்த மாட்டாங்க, எங்க அம்மா இப்பல்லாம் கத்தரிதான் பிடிக்கிறாங்க, கைல பறிச்சா கிலோ கட்டாது"ன்னு எழுதிச்சு. ரொம்ப யோசிச்சேன். அடுத்த வாரம் போய் கத்தரியோட, அதுல கட்டியிருக்கிற பையோட, முதுகுல போட்ட சாக்கோட எடுத்தேன். லைக் பாதி கூட வரல. ஆனா அந்தப் படம்தான் உண்மை, அததான் நான் பிரின்ட் போட்டு அந்த அம்மாவுக்கு குடுத்தேன்.

"எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க

அப்படிக் கேட்டா "செம்ம" வரும், நெருப்பு எமோஜி வரும், அதோட முடிஞ்சுது. நீங்க நோட்டுல எழுதின அந்த உறுத்தலையே கேள்வியாக்குங்க. "வலது பக்கம் அந்த கரன்ட் கம்பி கண்ண இழுக்குதா, கிராப் பண்ணிடலாமா?" "மூடுபனி வெள்ளையா இருக்கணுமா, கொஞ்சம் நீலமா இருந்தா குளிர் தெரியுதா?" இந்த மாதிரி கேட்டா தெரிஞ்சவங்க நின்னு பதில் சொல்லுவாங்க, ஏன்னா பதில் சொல்ல ஒரு இடம் கிடைச்சுது. எடுத்த விவரமும் ஒரு வரி போடுங்க, லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ, எத்தன மணிக்கு. ஒரு தடவைக்கு ஒரு படம். பத்து படத்த கொட்டினா யாரும் எதையும் பாக்க மாட்டாங்க.

போட்டதுக்கு அப்புறம்

ஃபோன கவுத்துப் போட்டுட்டு வேற வேலை பாருங்க. எனக்கு இது வர ரொம்ப நாள் ஆச்சு. நிமிஷத்துக்கு ஒரு தடவ இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு இருந்தா மனசு அந்த எண்ணிக்கையோடயே ஏறி இறங்கும்.

ஒண்ணுமே வரலன்னா அதுக்கு ஆயிரம் காரணம். இன்ஸ்டாவுல 2016ல இருந்தே போட்ட வரிசைப்படி எல்லாருக்கும் காட்டுறது கிடையாது, யாருக்கு எத முன்னாடி காட்டணும்னு அதுவே முடிவு பண்ணுது, ரீல்ஸ் வந்ததுக்கு அப்புறம் நிக்கிற படத்துக்கு இடம் இன்னும் குறைஞ்ச மாதிரிதான் எனக்குத் தெரியுது. நீங்க போட்ட நேரம் எல்லாரும் வேலைல இருந்திருக்கலாம். பாத்திருப்பாங்க, பிடிச்சிருக்கும், பஸ் வந்திருக்கும், ஏறிப் போயிருப்பாங்க. பேசாம இருக்கிறது தீர்ப்பு இல்லங்க, இத மட்டும் நம்புங்க. எண்ணிக்கை ரொம்ப படுத்துச்சுன்னா லைக் எண்ணிக்கைய மறைச்சு வைக்கிற வசதி 2021ல இருந்து இன்ஸ்டாவுலயே இருக்கு, செட்டிங்ஸ்ல போய் போட்டுக்கோங்க, நான் ஒரு வருஷம் அப்படித்தான் வெச்சிருந்தேன், ரொம்ப நிம்மதியா இருந்துச்சு.

வந்த கமென்ட பிரிக்கிறது எப்படி

இதுல கொஞ்சம் நின்னு நிதானமா பாக்கணும், ஏன்னா நல்ல கருத்து எப்பவும் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வராது.

மூணு வருஷம் முன்னாடி மழை முடிஞ்ச கையோட, சாயங்கால வெயில் எதிர்ல விழுற மாதிரி டால்பின் நோஸ் பக்கம் இருந்து நாலு படம் எடுத்து போட்டேன். வரிசையா சூப்பர், அருமை, வாழ்த்துகள். நடுவுல ஒருத்தர், முன்ன பின்ன தெரியாதவர், கொஞ்சம் முரட்டுத்தனமாவே எழுதியிருந்தார்: "நாலு படமும் பால் ஊத்தின மாதிரி இருக்கு, மிஸ்ட்னு ஏமாத்தாத, லென்ஸப் பாரு." எனக்கு கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நீளமா ஒரு பதில் கூட டைப் பண்ணிட்டேன். என்னமோ அனுப்பல. ராத்திரி சாப்பிட்டுட்டு லென்ஸ கழட்டி, ரெண்டு பக்க மூடியையும் எடுத்துட்டு, பின்பக்கமா டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள கண்ணாடில சிலந்தி வலை மாதிரி மெல்லிசா வெள்ளை நூல். பூஞ்சை. மழைக்காலம் முழுக்க நனைஞ்ச பையிலயே வெச்சிருந்தேன், நம்ம ஊர் ஈரத்துக்கு அது போதும். எதிர் வெளிச்சத்துல எடுக்கும்போதுதான் அது பால் மாதிரி பரவித் தெரியும், வெயில் முதுகுப் பக்கம் இருந்தா அவ்வளவா தெரியாது, அதனாலதான் மாசக்கணக்கா நான் கவனிக்கல. கோயமுத்தூர் கொண்டு போய் கழட்டித் துடைச்சு வாங்கிட்டு வந்தேன். இப்ப காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணும் போட்டு 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கிறேன், நீங்களும் வெச்சுக்கோங்க. அந்த மனுஷனுக்கு நன்றி சொல்லி எழுதினேன், அவர் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

அதனால ஒரு கமென்ட் கசந்தா அது சொல்ற தொனிய உரிச்சுட்டு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. உள்ள நீங்க போய் சரிபாக்கிற மாதிரி ஏதாவது இருந்தா, அதாவது ஃபோகஸ், சாய்வு, லென்ஸ், வெளிச்சம், கலர், நோட்டுல எழுதுங்க. "இதெல்லாம் ஒரு படமா"ன்னு மட்டும் இருந்தா உள்ள ஒண்ணும் இல்ல, விட்டுடுங்க. பாராட்டையும் இதே மாதிரி உரிங்க. "செம்ம"க்கு உள்ள ஒண்ணும் இல்ல. "அந்த ஒத்த ஜன்னல் வெளிச்சம் இருக்கிறதாலதான் குளிர் தெரியுது"ங்கிறதுல நிறைய இருக்கு, அதையும் எழுதி வைங்க, நமக்கு எது நல்லா வருதுன்னு தெரிஞ்சுக்கிறது குறை தெரிஞ்சுக்கிறத விட முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

ஒருத்தர் இப்படி, ஒருத்தர் அப்படி

மூடுபனி படத்துக்கு இது கட்டாயம் நடக்கும். ஒருத்தர் "டல்"ம்பார், இன்னொருத்தர் "இந்த சாம்பல் கலர்தான் அழகே"ம்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லல. கேமராவுல வெளிச்சத்த அளக்கிற மீட்டர் எதப் பாத்தாலும் அத நடுத்தர சாம்பலா ஆக்கத்தான் பாக்கும், அதனால வெள்ளை மூடுபனிய இருட்டாக்கிடும், தலைக்குந்தா பக்கம் டிசம்பர் ஜனவரில புல்லு மேல உறைபனி படியுமே அதையும் அழுக்காக்கிடும். படத்த வெளிச்சமாக்கவும் இருட்டாக்கவும் கேமராவுல இருக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்ல 0.7 இல்லன்னா 1 ஏத்தி எடுத்தா வெள்ளை வெள்ளையா வரும். ஆனா சாயங்காலம் மேகம் இறங்கி ஊரே அமுங்கிப் போற நேரத்த காட்டணும்னா அந்த சாம்பல்தான் சரி. இப்ப எது சரின்னு யார் சொல்றது? நீங்க முன்னாடியே எழுதி வெச்ச அந்த ரெண்டு வரி. அதுல "விடியல், வெளிச்சம்"னு எழுதியிருந்தா டல்னு சொன்னவர் சரி. "அமுங்கின சாயங்காலம்"னு எழுதியிருந்தா ரெண்டாவது ஆள் சரி.

இன்னொண்ணு, கீழ சமவெளில இருக்கிறவங்களுக்கு மூடுபனின்னாலே அதிசயம், எப்படி எடுத்தாலும் ஆகா. நமக்கு அது பல் விளக்கும்போது ஜன்னல்ல நிக்கிறது. அதனால மூடுபனி படத்துக்கு நம்ம ஊர்க்காரங்க ஒருத்தர் நின்னு பாத்தா அத நான் கொஞ்சம் அதிகமாவே மதிப்பேன்.

பாராட்டு இழுக்கிற இழுப்பு

ரயில் படம் ஓடினதுக்கு அப்புறம் ஆறு மாசம் நான் ரயிலயே எடுத்தேன். கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரம் வெச்சு ஏறுற ரயில், 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்தது, அழகுக்கு குறைச்சலே இல்ல, ஆனா எனக்கு அலுத்துப் போச்சு, பச்சைய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போய் கடைசில எந்தத் தோட்டத்துலயும் இல்லாத ஒரு பச்சை வந்து நின்னுச்சு. திட்டு நம்மள நிறுத்தும், பாராட்டு நம்மள ஒரே இடத்துல சுத்த விடும். நாலு படத்துல ஒண்ணாவது யாருக்கும் பிடிக்காதுன்னு தெரிஞ்சே உங்களுக்காக போடுங்க.

இதுல ஆபத்தும் இருக்கு, இத கெஞ்சிக் கேட்டுக்கிறேன். காட்டுமாடு பக்கத்துல இருந்து எடுத்த படத்துக்கு "செம கிட்ட"ன்னு லைக் வரும், அடுத்த தடவ இன்னும் நாலடி கிட்ட போகத் தோணும். கோத்தகிரி, குன்னூர்ல வீட்டு வாசலுக்கே அது வர்றதால சாதுன்னு நினைச்சுடாதீங்க, திரும்பினா நமக்கு ஓட இடம் இருக்காது. கூடு கட்டின பறவைய எடுத்து லைக் வாங்காதீங்க, நம்ம நடமாட்டத்துல அது கூட்டையே விட்டுட்டுப் போயிடலாம். "லொக்கேஷன் ப்ளீஸ்"னு கமென்ட் வந்தா ரயிலுக்கு சொல்லுங்க, அபூர்வமான பறவைக்கும் பூவுக்கும் சொல்லாதீங்க. 2018ல குறிஞ்சி பூத்தப்ப மிதிச்சு நாசமான சரிவ நான் பாத்தேன், இனி அது 2030ல தான். டாக்குமென்டா அனுப்புற படத்துல ஜிபிஎஸ் விவரம் அப்படியே போகும், கேமரா செட்டிங்ஸ்ல லொக்கேஷன அணைச்சு வைங்க. தோடர் குடியிருப்பான மந்துலயோ படகர்களோட ஹெத்தை அம்மன் பண்டிகையிலயோ எடுக்கிறதா இருந்தா பெரியவங்க கிட்ட கேட்டு, போடலாமான்னும் தனியா கேட்டு, அப்புறம்தான் போடணும். எடுக்க விட்டாங்கன்னா போடவும் விட்டாங்கன்னு அர்த்தம் இல்ல.

வம்புக்கு வர்றவங்க

"எடிட்", "ஏஐ"ன்னு சொன்னா ரா ஃபைல், அதாவது கேமரா எடுத்தபடியே வெச்சிருக்கிற மூலப் படம், கைல இருக்கணும், ஒரே ஒரு தடவ காட்டுங்க, அப்புறம் பேசாதீங்க. ரெண்டாவது பதில்ல இருந்துதான் சண்டை ஆரம்பிக்குது. தொடர்ந்து ஒருத்தர் உங்களயே குறி வெச்சா அட்மின் கிட்ட சொல்லுங்க, அட்மின் கண்டுக்கலன்னா அந்த குரூப் உங்களுக்கு வேணாம். பொண்ணுங்களுக்கு படத்தப் பாராட்டுற மாதிரி இன்பாக்ஸ்ல வந்து வேற பேச்சு பேசுறவங்க இருக்காங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு பிளாக் பண்ணுங்க, மரியாதைக்காக ஒரு பதில் கூட குடுக்க வேண்டியது இல்ல, மிரட்டினா சைபர் கிரைம் போலீஸ்ல புகார் குடுங்க, வீட்ல ஒருத்தருக்காவது சொல்லி வைங்க.

நீங்களும் மத்தவங்களுக்கு எழுதுங்க

வாரத்துக்கு ரெண்டு பேர் படத்துக்கு, லைக் கம்மியா இருக்கிற படமா பாத்து, நின்னு ரெண்டு வரி எழுதுங்க. எது உங்க கண்ண பிடிச்சுது, எது வெளிய தள்ளுச்சு. இது புண்ணியத்துக்காக சொல்லல, அடுத்தவங்க படத்துல குறைய வார்த்தையா சொல்லப் பழகினாதான் நம்ம படத்துல அது கண்ணுக்குத் தெரியும். அப்படி எழுதி எழுதித்தான் எனக்கு மூணு பேர் கிடைச்சாங்க. ஒருத்தர் கொடைக்கானல், ஒருத்தர் கூடலூர், இன்னொருத்தர் ஊட்டி இந்து நகர்ல இருக்கிற ஒரு தாத்தா, அங்க 1960ல ஆரம்பிச்ச ஃபோட்டோ ஃபிலிம் ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ஃபோன்ல காட்டினா பாக்க மாட்டார், பிரின்ட்தான் வேணும். ஜன்னல் பக்கம் கொண்டு போய், கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, மூலையில இருந்து ஆரம்பிச்சு நடுவுக்கு வருவார். நாம நடுவுல இருந்துதானே பாப்போம். கருப்புல விவரம் இருக்கான்னு மட்டும் அஞ்சு நிமிஷம் பாப்பார்.

உங்களுக்கும் ரெண்டு மூணு பேர் போதும், ஆனா அவங்க உங்க சொந்தக்காரங்களா இல்லாம இருந்தா நல்லது.

மூணு மாசத்துக்கு ஒரு தடவ

நோட்ட எடுத்து முதல்ல இருந்து படிங்க. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாதவங்க ஒரே விஷயத்த சொல்லியிருந்தா அடிக்கோடு போடுங்க. எனக்கு அப்படி வந்தது "சாஞ்சிருக்கு". அஞ்சு தடவ, நாலு பேர். நான் நம்பவே இல்ல, ஒவ்வொண்ணயும் தனித்தனியா படிச்சப்ப இவங்களுக்கு மலையே தெரியாதுன்னுதான் நினைச்சேன், வரிசையா படிச்சப்பதான் உறைச்சது. கடற்கரையில எடுக்கிறவங்களுக்கு நேர் கோடா கடல் இருக்கும், நமக்கு அது கிடையாது, தோட்டம் ஒரு பக்கம் சரியும், ரோடு ஒரு பக்கம் ஏறும், நாம நிக்கிறதே சரிவுல, அதனால கண்ணு சரிவயே நேர்னு எடுத்துக்குது. இப்ப வ்யூஃபைன்டர்ல கட்டம் போட்டு வெச்சிருக்கேன், தோட்டத்துக்குள்ள நிழலுக்கு நட்டிருப்பாங்களே சில்வர் ஓக், அது எந்தச் சரிவுலயும் நேராத்தான் நிக்கும், அதுல ஒண்ண அந்தக் கட்டத்துக் கோட்டோட ஒட்ட வெச்சுட்டு அப்புறம்தான் ஷட்டர அமுக்குறேன்.